சொல்லாத இருபது லிட்டர்

என் மனைவியை ஊரில் எல்லோரும் டேங்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மைப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே விழிப்பார். 'டேங்கம்மா பட்டறை' என்று கேட்டால் போதும், பஸ் நிற்கும் இடத்திலிருந்தே கையைக் காட்டி அனுப்புவார்கள். அந்தப் பட்டறையை ஒட்டியிருக்கும் தையல் கடை என்னுடையது. இருபத்தெட்டு வருடமாகத் தைக்கிறேன். ஆனாலும் என் விலாசம் 'டேங்கம்மா பட்டறைக்குப் பக்கத்துக் கடை' என்பதுதான். எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, மறைப்பானேன்.

அவள் செய்கிற வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரின் கடைசி பங்க்கைத் தாண்டிவிட்டால் நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரு சொட்டு டீசல் கிடைக்காது. ரோடும் கிடையாது, கல்லும் மணலும் கரடுமுரடான தடமும்தான். அந்தப் பக்கம் போகிற ஜீப்புகளில் கம்பெனிக்காரன் வைத்து அனுப்பிய சின்ன டேங்கை இவள் கழற்றி ஓரமாக வைப்பாள். தகடு வெட்டி, மடித்து, வெல்டிங் வைத்து, அதைவிட மூன்று மடங்கு பெரிய டேங்க் ஒன்றைச் செய்வாள். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி சக்கரத்தைப் பின்கதவுக்கு இடம் மாற்றி, அந்த இடத்தையும் சேர்த்துப் பிடித்து, புது டேங்கை மாட்டிவிடுவாள். நிலம் அளக்கிறவர்கள், ஆழ்குழாய்க் கிணறு போடுகிறவர்கள், ஊர் சுற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லாதவர்கள் என்று எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் பால் டேங்க் செய்கிற தொழிற்சாலையில் வெல்டிங் வேலை பார்த்தாள். பால் ஒழுகினால் மேலாளர் திட்டுவார், டீசல் ஒழுகினால் ஆள் நடுக்காட்டில் நிற்பான், அவ்வளவுதான் வித்தியாசம் என்பாள். ஒருவகையில் நாங்கள் இருவருமே தையல் தொழில்தான். என் தையல் விட்டால் போட்டிருப்பவன் மானம் போகும். அவள் தையல் விட்டால் ஓட்டிப்போனவனே போய்விடுவான். இதைச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் யார் வேலை பெரிது என்ற சண்டையில் அவள் எப்போதும் ஜெயிப்பாள்.

நாளில் பாதி நேரம் அவள் வண்டிக்கு அடியில் இருப்பாள். கீழே சின்னச் சக்கரம் வைத்த பலகை ஒன்று உண்டு. அதில் மல்லாந்து படுத்து, காலால் தரையை உந்தினால் சர்ரென்று உள்ளே போய்விடுவாள். வெளியே தெரிவது இரண்டு கறுப்பு பூட்ஸ் மட்டும். வீட்டு விஷயம், பள்ளிக்கூட விஷயம், உறவினர் விஷயம் எல்லாவற்றையும் நான் அந்த பூட்ஸிடம்தான் பேசியிருக்கிறேன். இடது பூட்ஸ் ஆடினால் சரி என்று அர்த்தம். இரண்டும் அசையாமல் இருந்தால் நான் சொன்னது பிடிக்கவில்லை.

அவளுடைய வேலையில் மூன்று பிடிவாதங்கள் உண்டு.

டேங்கை மாட்டி, முழுதாக டீசல் நிரப்பியதும், வெல்டிங் தையல் மேலும் குழாய் மூட்டுகள் மேலும் வெள்ளைச் சாக்பொடியைக் குழைத்துப் பூசுவாள். துணியில் கோடு போட நான் வைத்திருக்கும் சாக்குக்கட்டிகள்தான் அந்தப் பொடி. என்னைக் கேட்டெல்லாம் எடுப்பதில்லை. பட்டறைக்குப் பின்னால் இருக்கும் கல் தடத்தில் வண்டியைக் குலுங்கக் குலுங்க ஓட்டிவிட்டு வந்து நிறுத்துவாள். மறுநாள் காலை பார்க்கும்போது சாக் வெள்ளையாகவே இருந்தால் வண்டி போகலாம். எங்கேயாவது ஈரம் படிந்து கறுத்திருந்தால் டேங்க் கீழே இறங்கும்.

இரண்டாவது, வண்டிக்காரர் தானே பலகையில் படுத்து உள்ளே போய் அந்தச் சாக்கைப் பார்க்க வேண்டும். பார்க்காதவருக்குச் சாவி கிடையாது. பெரிய அதிகாரி ஒருவர், பலகைக்கும் வண்டிக்கும் நடுவில் வயிறு மாட்டிக்கொண்டு அசைய முடியாமல் கிடந்தார். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கித்தான் அவரை எடுத்தோம். அப்போதும் இவள், "பார்த்துட்டீங்களா, ஒழுகல இல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் விட்டாள்.

மூன்றாவதுதான் முக்கியம். அது எங்கள் வீட்டு ரகசியம். அவள் செய்கிற பெரிய டேங்க் நூற்றெண்பது லிட்டர் பிடிக்கும். வண்டிக்காரரிடம் நூற்றறுபது என்றுதான் சொல்லுவாள். உள்ளே டீசல் அளவைக் காட்டும் மிதவையின் கம்பியை லேசாக வளைத்து, இருபது லிட்டர் மிச்சம் இருக்கும்போதே அளவு முள் அடிமட்டத்தைத் தொடும்படி செய்துவிடுவாள். முள் கீழே விழுந்ததைப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறவன், எப்படியோ நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்வான். கடவுள் புண்ணியம் என்பான். இவள் வாயே திறக்க மாட்டாள். எதற்கு இந்த வேலை என்று ஒருமுறை கேட்டேன். "இருக்குன்னு தெரிஞ்சா செலவு பண்ணிடுவாங்க" என்றாள்.

இந்த ரகசியத்தை முதலில் போட்டு உடைக்கப் பார்த்தது எங்கள் மகள். அப்போது அவளுக்கு ஆறு வயது. இருபது லிட்டர் கேன்களில் அம்மா டீசல் ஊற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். வண்டிக்காரர் வந்து எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டார். நூற்றறுபது, எட்டு கேன் என்றாள் இவள். உடனே மகள், இல்லை, ஒன்பது கேன் ஊற்றினாய் என்று ஆரம்பித்தாள். வாக்கியம் முடிவதற்குள் அவள் வாயில் ஒரு பிஸ்கட் போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் வாயையாவது அடைக்க வேண்டுமென்றால் பிஸ்கட்தான்.

அந்த மகள் வளர்ந்து மாட்டு டாக்டர் ஆனாள். படிப்பு முடிந்து இரண்டு வருடம் வேலைக்காகக் காத்திருந்தாள். கடைசியில் உத்தரவு வந்தது. நானூற்று முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், மேய்ச்சல்காரர்கள் நடுவில் ஒரு கால்நடை மருந்தகம். அங்கே இருப்பது டாக்டருக்கு ஒரு அறை, ஒரு கிணறு, ஆயிரக்கணக்கில் ஆடு மாடு. ஜீப் ஆபீஸ் கொடுத்தது. அதன் டேங்க் அறுபத்தைந்து லிட்டர். அதை வைத்துக்கொண்டு போய்ச் சேரலாம். திரும்பி வர முடியாது. மாதத்துக்கு ஒருமுறை டீசல் லாரி வருமாம், அதுவும் வந்தால் வரும். முன்பு அங்கே இருந்த டாக்டர் ஒரு வருடத்தில் இரண்டே முறைதான் வீட்டுக்கு வந்தாராம்.

மகள் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலை போய் வேலையில் சேர வேண்டும், சேராவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு வேலை போய்விடும் என்றாள். வழியில் ஒரு ராத்திரி தங்க வேண்டியிருப்பதால் சனிக்கிழமையே கிளம்பிவிட வேண்டும். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஆபீஸுக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்கி, வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை வண்டி வந்தது. புதன்கிழமை சாயங்காலம் டேங்க் ஏறிவிட்டது. அவளுக்கு உதவி ஆள் கிடையாது. கனமானதைத் தூக்க சுவரில் இரண்டு தட்டு தட்டினால் நான் ஊசியைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். போனேன். டேங்கைத் தாங்கும் பட்டைகளுக்கு நடுவில் ரப்பர் துண்டு வைத்து, போல்ட்டை முறுக்கி, டேங்க் மூச்சு விடுகிற காற்றுக் குழாயை எவ்வளவு உயரத்தில் கட்ட முடியுமோ அவ்வளவு உயரத்தில் கட்டினாள். ஒன்பது கேன் ஊற்றினாள். சாக் பூசி, கல் தடத்தில் ஓட்டி, நிறுத்தினாள். இத்தனை அழகான டேங்கை அவள் செய்து நான் பார்த்ததில்லை. வெல்டிங் தையல் என் கைத்தையலைவிட நேராக இருந்தது. இதை அவளிடம் சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை காலை பின்பக்கத் தையலில் ஈரம். இதுவரை அவள் அனுப்பிய முந்நூற்று நாற்பது வண்டிகளில் நான் பார்க்காத அதிசயம். அவள் முகத்தில் ஈயாடவில்லை. கந்தலால் உடனே துடைத்துவிட்டு, இறக்கு என்றாள். டீசலை வடித்து, டேங்கை இறக்கி, சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, மறுபடி வெல்டிங் வைத்து, சாயங்காலம் ஏற்றினோம். வெள்ளிக்கிழமை காலை குழாய் மூட்டில் ஈரம். மறுபடி இறக்கினோம், மறுபடி ஏற்றினோம். என் இடுப்பு எனக்குச் சொந்தமில்லை என்கிற நிலைக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை காலை முன்மூலையில் ஈரம்.

மூட்டை கட்டிய பையை மகள் எடுத்து மறுபடி உள்ளே வைத்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த வேலை, சொந்த அம்மாவின் பட்டறையில் ஒழுகிப் போகிறதே என்று மூக்குக்கு மேல் கோபம். அந்தக் கோபத்தோடுதான் போய்க் கடையைத் திறந்தேன்.

பத்து மணிக்குத் தலைமையாசிரியர் சட்டை வாங்க வருவதாக இருந்தது. பாலைப் போல் வெள்ளைச் சட்டை. இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்தேன். நேற்று கடை சாத்தும்போது நிரப்பி வைத்தது, பாதிதான் இருந்தது. ஆவியாகிவிட்டது போலும் என்று நினைத்துத் தெளித்தேன், காலரைப் பிடித்து இழுத்துவிட்டேன். காலரில் ஒரு கறுப்புக் கை அடையாளம்.

என் கையைப் பார்த்தேன். உள்ளங்கையெல்லாம் கிரீஸ். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். கைப்பிடியில் முழுக் கட்டைவிரல் ரேகை, போலீஸ்காரர் எடுத்ததைப் போல அத்தனை தெளிவாக. இந்தத் தெருவில் அந்தக் கட்டைவிரல் ஒருத்திக்குத்தான் உண்டு.

விஷயம் விளங்க எனக்கு அரை நிமிஷம் ஆனது. சாக்கில் இருந்தது டீசல் இல்லை, தண்ணீர். காலையில் மகள் வருவதற்குள் இவளே போய்த் தெளித்துவிட்டு, இவளே கண்டுபிடித்து, இவளே துடைத்திருக்கிறாள். ஒழுகாத டேங்கை நான் இரண்டு முறை இறக்கி இரண்டு முறை ஏற்றியிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் யோக்கியன் மாதிரி ஆகிவிடும். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, இதை நிரப்பி மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். திங்கட்கிழமை கடந்துவிடும். மகள் இங்கேயே இருப்பாள். சாயங்காலம் கடை வாசலில் உட்கார்ந்து, வாடிக்கையாளர்களின் வயிற்றளவைச் சத்தமாகப் படித்து என்னைச் சங்கடப்படுத்துவாள். எனக்கும் அது வேண்டியிருந்தது. ஆனால் அவள் அந்தப் பையை உள்ளே கொண்டுபோய் வைத்த விதம் கண்ணில் நின்றது. பாட்டிலை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

வண்டிக்கு அடியில் பூட்ஸ் தெரிந்தது. குனிந்து பாட்டிலை உள்ளே நீட்டி, இது என்ன என்று கேட்டேன்.

"உங்க பாட்டில்" என்றாள்.

"அது தெரியுது. இதுல உன் கட்டைவிரல் ஏன் இருக்கு?"

பூட்ஸ் இரண்டும் அசையவில்லை. நான் கவிழ்த்துப் போட்ட கேனில் உட்கார்ந்தேன். திட்டுவதற்கு வார்த்தைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவள் உள்ளே இருந்தபடியே பேச ஆரம்பித்தாள்.

"முந்நூத்தி நாப்பது வண்டிய அனுப்பியிருக்கேன். போனவங்க திரும்பி வந்து சேர்ந்தாங்களான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கேனா? ஒழுகுதான்னு மட்டும்தான் கேட்டேன். இவ போறேன்னு சொன்ன நாள்லேர்ந்து அத்தனை பேரும் ஒவ்வொருத்தரா ஞாபகத்துக்கு வர்றாங்க. தூக்கமே வரலங்க."

பூட்ஸைத் தட்டிக்கொடுத்தேன். வேறு எதைத் தட்டிக்கொடுப்பது, அதுதானே வெளியே இருந்தது.

அந்த நேரத்தில் மகள் வந்தாள். என்னைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த இன்னொரு பலகையை எடுத்துப் போட்டு, வண்டிக்காரர்தான் படுத்துப் பார்க்க வேண்டும் என்பது இங்கே சட்டமாயிற்றே என்று சொல்லி, சர்ரென்று உள்ளே போனாள். கறுப்பு பூட்ஸுக்குப் பக்கத்தில் மஞ்சள் கேன்வாஸ் ஷூ.

"அம்மா, மூத்திரத்தைப் பார்த்தே மாட்டுக்கு என்ன நோவுன்னு சொல்றவ நான். டீசலுக்கும் தண்ணிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

கறுப்பு பூட்ஸ் இரண்டும் மெல்ல உள்ளே இழுபட்டன.

"வியாழக்கிழமை நீ துடைச்ச கந்தலை மோந்து பார்த்தப்பவே தெரியும்" என்றாள் மகள்.

வியாழக்கிழமையே தெரிந்திருந்தால் வெள்ளிக்கிழமை நான் ஏன் டேங்கைத் தூக்கினேன் என்று வெளியிலிருந்து கேட்டேன். என் இடுப்பைப் பற்றி அந்த வண்டிக்கு அடியில் யாருக்கும் அக்கறை இல்லை. என் மனைவிதான் பதறிப்போய்ப் பேசினாள். தெரிந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய், டேங்க்கில் ஒரு குறையும் இல்லை, இப்போதே கிளம்பினாலும் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம், என் புத்தி கெட்டுப்போய்விட்டது, எழுந்திரு, கிளம்பு என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அவள் குரல் இப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"புதன்கிழமைதான்மா சேரணும்" என்றாள் மகள். "திங்கள்னு நான்தான் சொன்னேன்."

"எதுக்கு?"

"நீ எல்லாருக்கும் இருபது லிட்டரை மறைச்சு வைப்ப. உனக்கு நான் ரெண்டு நாள் மறைச்சு வெச்சேன். உனக்குத் தேவைப்படும்னு தெரியும்."

என் மனைவி சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்ததில் மேலே பூசியிருந்த சாக் உதிர்ந்து, அம்மாவும் பெண்ணும் மாறி மாறித் தும்மினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாக்பொடி விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் வெளியேதான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த இரண்டு நாளில் எங்கள் வீட்டில் விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. தலைமையாசிரியரின் காலர் கறையை என் மனைவியே உட்கார்ந்து தேய்த்து எடுத்தாள், அது தண்டனை. மகள் கடை வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களின் வயிற்றளவைப் படித்தாள். புதிதாகப் பூசிய சாக் இரண்டு காலையும் வெள்ளையாகவே இருந்தது. பாட்டிலை நான் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

திங்கட்கிழமை காலை மகள் படுத்துப் பார்த்தாள், எழுந்து தூசி தட்டினாள், சாவிக்குக் கையை நீட்டினாள். முறையாக எல்லா வண்டிக்காரர்களும் கேட்பதைப் போலவே கேட்டாள்.

"எவ்வளவு பிடிக்கும்?"

"நூத்தி அறுபது" என்றாள் என் மனைவி, கண்ணை இமைக்காமல்.

"சரி, நூத்தி அறுபது."

நான் வாயைத் திறந்தேன். மகள் வழிக்கு வைத்திருந்த பொட்டலத்திலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து என் வாயில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள். எப்போது வருவாய் என்று அம்மா கேட்டாள். முப்பதாம் தேதி என்றாள். வண்டி தெருமுனையில் திரும்பும் வரைக்கும் என் மனைவி நின்றாள். பிறகு பலகையில் படுத்து அடுத்த வண்டிக்கு அடியில் போய்விட்டாள். மதியம் வரைக்கும் உள்ளே ஸ்பேனர் சத்தமே கேட்கவில்லை. நானும் சுவரைத் தட்டவில்லை.

அந்த மாதம் முழுவதும், டேங்க் மாட்டிப்போன பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன் போட்டு, சௌக்கியமா, பத்திரமாக வந்து சேர்ந்தீர்களா என்று விசாரித்தாள். பாதிப் பேர் டேங்க்கில் ஏதோ கோளாறு என்று பயந்துபோனார்கள்.

இருபத்தெட்டாம் தேதி காலை அவள் பட்டறையைத் திறக்கவில்லை. மதியம் சாப்பிடப் போனால் மேஜை மேல் மூன்று தட்டு இருந்தது. முப்பதாம் தேதி என்றுதானே சொன்னாள், தேதி மறந்துவிட்டதா என்று கேட்டேன்.

"சொன்னது முப்பது" என்று சொல்லிவிட்டு, அவள் தம்ளர்களைக் கழுவினாள்.

ஒரு மணி சுமாருக்குத் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. நான் கை கழுவிக்கொண்டு வெளியே வருவதற்குள் வண்டிக்கு அடியில் கறுப்பு பூட்ஸும் மஞ்சள் ஷூவும் தெரிந்தன. நானூற்று முப்பது கிலோமீட்டர் தூசி டேங்க் மேல் அப்பியிருந்தது. எங்கேயும் ஈரம் படாத, காய்ந்த தூசி. ஓட்டுகிற இடத்தில் எட்டிப் பார்த்தேன். போகவர ஒரே தடவை நிரப்பியதுதான், முள் இன்னும் கால்வாசியில் நின்றது. சாப்பாடு ஆறுகிறது என்று பூட்ஸிடம் சொன்னேன். இடது பூட்ஸ் ஆடியது.